வாடகைக் கோட்டுக்கு வைத்த மஞ்சள்

அழைப்பு அட்டை கறுப்புத் தாளில் வந்தது. கெட்டித் தாள், மேலே தங்க எழுத்து. கல்யாணப் பத்திரிகையோ என்று மூலையைத் தடவிப் பார்த்தேன்; மஞ்சள் இல்லை. கறுப்பில் மஞ்சள் எப்படித் தெரியும்? நாங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில் கறுப்புக் கரை போட்ட தாள் ஒரே ஒரு சேதிக்குத்தான் வரும். பிரிப்பதற்கு முன்பே லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். தமிழென்றால் நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு. இது ஆங்கிலம். மருமகளைக் கூப்பிட்டேன்.

"யாருக்கு என்னான்னு பாரும்மா."

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். "ஐயோ அத்தை, யாருக்கும் ஒன்னும் ஆகல. கம்பெனி டின்னர் லா. உங்க மகனுக்கு ரொம்ப வருசம் வேலை செஞ்சதுக்கு மேடையில பரிசு குடுக்கப் போறாங்க. வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு வரலாமாம். நீங்களும் நானும் போலாம்."

மகன் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிற தூரம்தான். இளவட்டமாகச் சேர்ந்தவன், இன்று அவனுக்கே நரை விழுந்துவிட்டது. பரிசு என்றதும் எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

"எங்க வச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

மருமகள் ஓட்டலின் பேரைச் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு நின்றுவிட்டது.

மலாக்கா டவுனில் இருக்கும் அந்த ஓட்டலில்தான் என் மகன் கல்யாணத்துக்கு முன்னால் பரிமாறுகிற வேலை செய்தான். வெள்ளைச் சட்டை, காலுக்குக் கறுப்பு நீளச் சிலுவார், கழுத்தில் போ என்கிற கறுப்பு டை. வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி இருக்கும் அந்த போவை நான்தான் தினமும் துடைத்து ஆணியில் மாட்டுவேன். தோட்டத்தை விட்டு வெளியே வந்த எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் குளிர்சாதன அறைக்குள் வேலை செய்தவன் அவன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் எங்கள் சொந்தத்திலேயே ஒரு கல்யாண விருந்தை அங்கே வைத்தார்கள். நானும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் வட்ட மேசையில் உட்கார்ந்தேன். என் மேசையிலேயே என் சின்ன நாத்தனாரின் வீட்டுக்காரர். அவர் யாரையும் பார்க்காமல், கையை மேலே தூக்கி விரலைச் சொடுக்கினார். "ஏய் தம்பி! ஐஸ் கொண்டா! எவ்ளோ நேரம்?"

வந்தது என் மகன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது எனக்கு. தெரிந்த பிறகாவது, "அடடா, நீயா மாப்ள" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முகத்தைத் திருப்பிப் பக்கத்து ஆளிடம் காடி, கார் என்பார்களே, அதன் விலை பேச ஆரம்பித்தார். என் மகன் இடுக்கியால் ஐஸ் எடுத்து அவர் கிளாசில் போட்டான். என் கிளாசிலும் போட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தால் அவனுக்கு வேலை போய்விடுமோ என்று சும்மா இருந்தேன். அன்று அந்தச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியில் மீன் செவுளுக்கு மேல் அந்த போ கிடந்தது. அடுத்த மாதம் அவன் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அதைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேசம் எதையும் அவன் அந்த ஓட்டலில் வைக்கவிட்டதில்லை.

இப்போது அதே ஓட்டல். அட்டையின் அடியில் உடுப்பைப் பற்றி ஒரு வரி இருக்கிறது என்றாள் மருமகள். ஆண்கள் கறுப்பு டை உடுப்பு, இல்லாவிட்டால் அவரவர் இனத்து உடுப்பு.

"அப்ப வேட்டி ஜிப்பா போட்டுக்கட்டுமே," என்றேன்.

"மேடை ஏறுறவங்க எல்லாரும் கறுப்புக் கோட்டுதான் போடணுமாம் அத்தை. படம் புடிக்கிறாங்களாம். கழுத்துல போ வேற."

வேலை முடிந்து வந்த மகன் அட்டையைப் பார்த்தான். ஒரு பக்கம் பார்த்தான், மறுபக்கம் பார்த்தான். மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"நான் போகல. அன்னைக்கு எனக்கு ஷிப்ட்டு."

"பரிசே உனக்குத்தான். உனக்கு ஷிப்ட்டு போடுவானா?" என்றேன்.

"அம்மா, விடுங்க லா. பரிச ஆபிஸ்லயே வாங்கிக்கலாம்."

அவன் குளிக்கப் போன பிறகு, அந்த உடுப்புக்கு அப்படி என்னதான் அர்த்தம் என்று மருமகளிடம் கேட்டேன். அவள் போனை எடுத்துத் தட்டிப் படித்துப் படித்துச் சொன்னாள்.

"இது சாயங்காலத்துக்கு மேல போடுற உடுப்பாம் அத்தை. பகல்ல போடக் கூடாதாம். கறுப்புக் கோட்டு, கழுத்துப் பக்கம் பட்டு மாதிரி மினுக்குமாம். சிலுவார்ல பக்கவாட்டுல ஒரு பட்டுக் கோடு."

"வேட்டிக்குக் கரை மாதிரியா?"

"ஆமா, கரைதான். வெள்ளைச் சட்டையில நெஞ்சுல மடிப்பு மடிப்பா இருக்கும். ஆம்பளைங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு வச்சதாம். யாரு பெரிய பணக்காரன், யாரு சின்ன ஆளுன்னு உடுப்புல தெரியக் கூடாதாம்."

"சரி. அங்க பரிமாறுறவன் என்ன போட்டிருப்பான்?"

"அவனும்... கறுப்பு சிலுவார், வெள்ளைச் சட்டை, போ."

"அப்ப யாரு விருந்தாளி, யாரு பரிமாறுறவன்னு எப்படித் தெரியும்?"

மருமகள் போனை மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தாள். "அது இதுல போடல அத்தை."

எனக்கு ஒரு பழைய நினைப்பு வந்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்தார். பகலில் காக்கிக் கால்சட்டை. ஒரு நாள் பொழுது சாயும் நேரம் பங்களாப் பக்கம் விறகு பொறுக்கப் போனேன். துரை கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு காடியில் ஏறினார். எனக்குப் பயம். பங்களாவில் சமைக்கிற அக்காவிடம், "யாரு செத்தா?" என்று கேட்டேன். "யாரும் சாகலடி. சாப்பிடப் போறாரு," என்றாள். சாப்பிடுவதற்கு ஒரு உடுப்பா என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை. நாங்கள் கறுப்பில் வேலைக்குப் போனவர்கள். பால்மரம் வெட்டும்போது உடுத்துகிற துணியில் பால் சொட்டிக் காய்ந்தால் அது கறுத்துப் போகும். எந்த நிறத்துத் துணியும் கொஞ்ச நாளில் கறுப்புத்தான். அதை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கலர் துணி கட்டினால்தான் எங்களுக்கு விசேசம். துரை காக்கியில் வேலை செய்துவிட்டுக் கறுப்பில் சாப்பிடப் போனார்.

மகன் போகாமல் இருக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பரிசு பெரிதில்லை. ஒரு விரல் சொடுக்குக்குப் பயந்து இன்னும் எத்தனை காலம் அந்த ஓட்டல் ரோட்டை விட்டுச் சுற்றிக்கொண்டு போவான்? அது எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிடும்போது சொன்னேன்.

"நீ வராட்டி பரவால்ல. நானும் உன் பொண்டாட்டியும் போறோம். பேரைக் கூப்பிட்டா நான் மேடையில ஏறி வாங்கிக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா? மைக்கு குடுத்தா ரெண்டு வார்த்தை பேசவும் செய்வேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் செய்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். "சரி சரி. அந்தக் கோட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பாப்போம்," என்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை. பாப்போம் என்றுதான் சொன்னான்.

டவுனில் கல்யாண உடுப்பு வாடகைக்கு விடுகிற ஒரு சீனத்திக் கடை இருக்கிறது. விருந்து நாளுக்கு முதல்நாள் மருமகள் அங்கே போய் கோட்டு, சிலுவார், சட்டை, போ எல்லாவற்றையும் எடுத்து வந்து, பிளாஸ்டிக் உறையோடு என் அறைக் கதவில் மாட்டினாள். மறுநாள் காலையில் அவர்கள் இரண்டு பேரும் பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்த நேரம் நான் உறையைத் திறந்தேன்.

புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. உள்பாவாடையானாலும் சரி, பள்ளிச் சட்டையானாலும் சரி. இதுவோ கறுப்பு. நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளை மேலிருந்து கீழ்வரை கறுப்பில் போகிறான், அதுவும் அந்த இடத்துக்கு. வாடகைத் துணிதான், ஆனால் அவனுக்கு அது புதுசு. சாமி மேடையில் மஞ்சளைக் குழைத்தேன். கோட்டின் உள்துணி சாம்பல் நிறம். கண்ணாடி போடாமலேயே தடவிப் பார்த்து அதன் கீழ் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன். சட்டையின் வால் ஓரத்தில் ஒரு பொட்டு. அது சிலுவாருக்குள் போய்விடும், யார் பார்க்கப் போகிறார்கள்? சட்டையை மறுபடி மாட்டும்போது நெஞ்சு மடிப்பு மடங்கிக்கொண்டது. இரண்டு விரலால் நீவிவிட்டேன்.

என் கட்டைவிரல் சட்டையின் நெஞ்சில் முழுசாகப் பதிந்துவிட்டது. ரேகை தெரிய. அடையாளக் கார்டுக்கு வைத்த மாதிரி.

நான் துணியை எடுப்பதற்குள் மருமகள் வந்துவிட்டாள். "அத்தை!" என்று ஒரே சத்தம். சட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப் போய்ச் சோப்புப் போட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று நான் பின்னாலேயே போவதற்குள் போட்டேவிட்டாள். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும்? இரத்தச் சிவப்பு. கத்தியால் குத்து வாங்கியவன் சட்டை மாதிரி ஆகிவிட்டது.

"சின்னப் புள்ளையிலேர்ந்து மஞ்சள் பூசிக் குளிச்சவ, இது தெரியாதா உனக்கு?"

"பதட்டத்துல மறந்துட்டேன் அத்தை! நீங்க ஏன் அதத் தொட்டீங்க? அது நம்ம துணியா?"

மகன் மீன் பையோடு உள்ளே வந்தான். சட்டையைப் பார்த்தான். அப்போது அவன் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். கோபம் வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வந்தது நிம்மதி. கூடத்து நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

"நல்லதாப் போச்சு," என்றான். "கடவுளே வேணாங்குறாரு. சாய்ங்காலம் உம்பாய் கடற்கரைப் பக்கம் போய்ச் சுட்ட மீனும் சோறும் சாப்புடுவோம். நான் வாங்கித் தரேன்."

 எலுமிச்சம்பழத்தை நறுக்கிச் சிவப்பின் மேல் பிழிந்தேன். மறுபடியும் மஞ்சளுக்கு வந்தது. நல்ல தண்ணீரில் அலசி, பிளாஸ்டிக் முக்காலியை வாசல் கேட் ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டையை மடியில் விரித்தேன். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. இது மருமகளுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனால் வெயில் வேண்டுமே. கிளேபாங் பக்கம், கடலுக்கு மேலே, மேகம் அடுக்கி நின்றது. வெயில் வருகிறது, போகிறது. நான் முக்காலியை நகர்த்தி நகர்த்தி அதன் பின்னாலேயே போனேன். ரோட்டு வரைக்கும் போய்விட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "குஞ்ஞிட்டா?" என்று கேட்டாள். ஆமாம், மஞ்சள்தான் என்றேன். "தாப்பா, பரவாயில்ல, வெயில் தின்னுரும்," என்று மலாயில் சொல்லிவிட்டு, அவள் வீட்டு முன்னால் நிழலடித்த காடியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்தச் சொல்லித் தன் மகனுக்குக் குரல் கொடுத்தாள்.

என் மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, குடையை என் தலைக்கு மட்டும் பிடித்தான், சட்டைக்கு வெயில் விழுகிற மாதிரி.

"கறை போய்ருச்சுன்னா டின்னருக்குப் போவீங்களா?" என்று உள்ளேயிருந்து மருமகள் கேட்டாள்.

"ரோட்டுல உக்காந்துருக்குற கெழவிக்கு என்ன பதில் சொல்றது?" என்றான் அவன். வருகிறேன் என்பதற்கு அவ்வளவுதான் அவன் வாயில் வந்தது.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பார்த்தபோது, மஞ்சள் இருந்த இடம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். கோட்டின் பொத்தானைப் போட்டால் அதுவும் மறையும். மருமகள் இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் என் மகன் உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்து கடைசியாக அந்த போவை எடுத்தான். பின்னால் கொக்கி மாட்டுகிற மாதிரி. மருமகள் கண்ணாடி கொண்டுவரப் போனாள். அவன் கண்ணாடிக்குக் காத்திருக்கவில்லை. கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போய்க் கொக்கியை மாட்டி, முன்னால் இரண்டு விரலால் நேராக்கியது. இத்தனை வருசம் கழித்தும் அந்தக் கை மறக்கவில்லை. அதே சட்டை, அதே போ, அதே இடம். நாமே இவனைத் திரும்பக் கொண்டுபோய் அங்கே நிறுத்துகிறோமோ என்று அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. நெற்றியில் திருநீறு இட்டேன். அதைத் துடைக்காமல் வந்தான்.

நான் மாம்பழக் கலர் பட்டு கட்டினேன். ஓட்டல் மண்டபத்து வாசலில் தங்கச் சரிகைத் துணியை இடுப்பில் சுற்றி, தலையில் அதே சரிகையில் முண்டாசு கட்டி, மலாய் மாப்பிள்ளை மாதிரி ஒருவர் நின்றார். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுசர் யாரோ, விருந்து வைக்கிறவராக்கும் என்று இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னேன். அவரும் குனிந்து நெஞ்சில் கை வைத்தார். பிறகு, "மாக்சிக், ஜூசா, ஆயெரா?" என்று கேட்டார், அம்மாவுக்கு ஜூசா தண்ணீரா என்று.

நான் மகனைப் பார்த்தேன்.

"அம்மா, அவரு வெயிட்டரு."

உள்ளே பார்த்தால் அதே மாதிரி நிறையப் பேர். பச்சைச் சட்டையில் சரிகை, சிவப்புச் சட்டையில் சரிகை. பெண்கள் பூப் போட்ட மலாய்க் கெபாயாச் சட்டையில். எல்லாரும் தட்டு ஏந்திக்கொண்டு மேசைக்கு மேசை நடக்கிறார்கள். ஓட்டலில் உடுப்பை மாற்றிவிட்டார்களாம். சுற்றுலாக்காரர்களுக்கு மலாக்கா மாதிரித் தெரிய வேண்டுமென்று. கறுப்புக் கோட்டும் போவும் போட்டவர்கள் எல்லாம் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கலர் போட்டவர்கள் பரிமாறுகிறார்கள். நான் ஒரு வாரமாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த நெருப்பு, அந்த வாசலிலேயே சொய்யென்று அணைந்தது. இந்த மண்டபத்தில் எவனும் என் மகனைப் பார்த்து விரல் சொடுக்க முடியாது.

"இதப் பாத்தியா?" என்று மருமகளை இடித்தேன்.

"நீங்க கும்பிட்டதத்தான் பாத்தேன்," என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் மேசைக்கு அடுத்த மேசையில் மகனுடைய தொழிற்சாலை மேனேஜர், மலாய்க்காரர், தன் இனத்து உடுப்பில் வந்திருந்தார். நீலச் சட்டை, இடுப்பில் சரிகைத் துணி. எழுந்து யாருடனோ பேசிக்கொண்டு நின்றார். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் அவர் தோளைத் தொட்டுக் காலி கிளாசை நீட்டினார். ஐஸ் என்று சொன்னது எனக்கே விளங்கியது. எங்கள் மேசையில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். என் மகன் பாதி எழுந்துவிட்டான்.

மேனேஜர் கிளாசை வாங்கினார். நேராகப் போய் ஐஸ் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அதற்குள் யாரோ அந்த விருந்தாளி காதில் சொல்ல, அந்த மனிதர் முகம் வெந்த இறால் மாதிரி சிவந்து போனது. மேனேஜர் சிரித்து அவர் முதுகில் தட்டி, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசையே சிரித்தது.

என் மகன் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் குனிந்து சொன்னான்.

"அவருக்குத் திரும்பி வந்து உக்கார ஒரு நாற்காலி இருந்துச்சும்மா."

அவ்வளவு காலத்தில் அன்றைய ஐஸைப் பற்றி அவன் என்னிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அவன் வேலையை நான் பார்த்துக் கூசினேனா என்று ஒரு காலத்தில் நினைத்திருப்பானோ என்னவோ. நான் அவன் நாற்காலியின் முதுகைத் தட்டினேன். "இந்தா இருக்குல்ல. நல்லா சாஞ்சு உக்காரு," என்றேன். சாய்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் தலைமைப் பரிமாறுகிறவர் எங்கள் மேசைக்கு வந்தார். தமிழர், தலையில் சரிகை முண்டாசு, வயிறு கொஞ்சம் முன்னால். தட்டை வைத்தவர் என் மகனையே பார்த்தார்.

"டேய்! நீயா?"

"இன்னும் இங்கயா லா இருக்க?"

"நான் எங்க போறது? என்னைப் பாரு, தெனமும் கல்யாண மாப்பிள்ளை. நீ இன்னும் அந்தப் பழைய யூனிபார்ம விடலியா?"

என் மகன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்களாம், ஒரே அறையில் உடுப்பு மாற்றியவர்களாம். அந்த மனிதர் என்னிடம், "அம்மா, இவனுக்கு மொதல் நாளு போ மாட்டிவிட்டதே நாந்தான். தலைகீழா வச்சுக்கிட்டு நின்னான் பய," என்றார். அவரை உட்காரச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அவர் வேலையில் இருக்கிறார், அதனால், "சாப்பிட்டீங்களாய்யா?" என்று கேட்டேன். "முடிஞ்சதும் சாப்பிடுவேம்மா. நீங்க கேட்டதே போதும்," என்றார்.

பேரைக் கூப்பிட்டார்கள். மேடையில் வரிசையாகக் கறுப்புக் கோட்டுகள். சீனர், மலாய்க்காரர், தமிழர், முதலாளி, லைன் லீடர். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே வெட்டு. மருமகள் போனில் படித்தது பொய்யில்லை. எது என் மகன் என்று கண்டுபிடிக்க எனக்கே ஒரு நிமிசம் ஆனது. நெற்றியில் திருநீறு இருந்தது அவன்தான். கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான், என் கட்டைவிரல் பட்ட இடத்துக்கு மேலேயே. அவன் இறங்கி வந்தபோது அந்தப் பழைய கூட்டாளி எங்கிருந்தோ வந்து அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார்," என்றார் சத்தமாக, கேலியாக. என் மகன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தான். அன்று அந்தச் சோறு எனக்கு நன்றாக இறங்கியது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

ஞாயிறு கழித்து உடுப்பைத் திருப்பிக் கொடுக்க அவனே கிளம்பினான். நானும் கூடப் போனேன். மஞ்சள் வைத்தவள் நான். கடைக்காரி ஏதாவது கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும். கடைக்காரி என் வயதுக்காரி. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெஞ்சைப் பார்த்தாள். வாலைப் பார்த்து, "ஹ்ம்" என்றாள். பிறகு கோட்டைக் கவிழ்த்து உள்துணியை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். என் பொட்டு பளிச்சென்று இருந்தது.

"தாவுக்கே, முதலாளியம்மா, அது நான்தான் வச்சேன்," என்று மலாயில் சொன்னேன். தலையைக் குனியவில்லை. "என் மகனுக்கு நல்லதுக்கு வச்சேன். துவைக்கணும்னா நானே துவைச்சுத் தரேன்."

அவள் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தாள். உள்துணியை என் பக்கம் திருப்பி விரலால் காட்டினாள். என் பொட்டுக்குப் பக்கத்தில் வெளிறிப்போன ஒரு பொட்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஓரத்தோடு ஓரமாக, மங்கலும் அதைவிட மங்கலுமாக, அங்கங்கே.

"எல்லா இந்தியா அம்மாவும் வைக்குது லா," என்றாள் மலாயில். "நான் தொவைக்க மாட்டேன். பொட்டு இருக்குற கோட்டு ராசின்னு ஆளுங்க கேட்டு எடுக்குறாங்க."

யார் பெற்ற பிள்ளைகளோ. என்னென்ன மேடைக்கு அனுப்பினார்களோ. அவர்களுக்கும் கறுப்பைப் பார்த்தால் மனசு கேட்டிருக்காது. நான் அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். என்னுடையதுதான் கொஞ்சம் பெரிசு.

மகன் கல்லாப்பெட்டி மேல் சாய்ந்து நின்று இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். போகலாம் என்று நான் திரும்பியபோது, அவன் கடைக்காரியிடம் கோட்டைக் காட்டிச் சொன்னான்.

"அடுத்த வருச டின்னருக்கும் இதையே எடுத்து வைங்க. வேற யாருக்கும் குடுத்துறாதீங்க."

"கழுத்துப் போ?" என்று கேட்டாள் அவள்.

"போவும்தான்," என்றான்.